மண் பாக்டீரியாவும் சர்க்கரையும்: நீலமாகிப்போன குழாய்களிலிருந்து தொடங்கிய ஒரு சோதனை

மூன்றாம் நாள் காலையில் ஸ்டாண்டை எடுத்துப் பார்த்தபோது பாக்டீரியா விட்ட பன்னிரண்டு குழாய்களும் நீலமாக இருந்தன. நான் எதிர்பார்த்தது மஞ்சள். மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் அது அமிலம் விடும், அமிலம் வந்தால் புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டி மஞ்சளாகும் (நடுநிலையில் அது பச்சை, காரத்தில் நீலம்). பாடத்தில் படித்தது இவ்வளவுதான். குழாய்கள் நன்றாகக் கலங்கியிருந்தன, அதாவது பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. நிறம் மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்த வேலையில் உருப்படியான எல்லாமே கிடைத்தது. அதனால் தவறிய சுற்றையும் விடாமல் எழுதுகிறேன்.

பிரித்தெடுத்தது

தொட்டிச் செடியின் வேரோடு ஒட்டியிருந்த மண்ணில் 1 கிராம் எடுத்து, 0.85 சதவீத உப்புக் கரைசல் 9 மில்லியில் போட்டு நன்றாகக் குலுக்கினேன். அதிலிருந்து 1 மில்லி அடுத்த குழாயின் 9 மில்லிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஆறு படி நீர்த்தேன். கடைசி மூன்று படிகளிலிருந்து 0.1 மில்லி எடுத்து அகார் (பாக்டீரியா வளர்க்கும் கடற்பாசிக் கூழ்) தட்டில் பரப்பினேன். முதல் குழாயில் மிஞ்சியதை 80 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, அதைத் தனியாக ஒரு தட்டில் பரப்பினேன். அந்தச் சூட்டில் மற்றவை செத்துவிடும். ஸ்போர் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆகிக் கிடக்கும் பேசில்லஸ் வகை மட்டும் தப்பி முளைக்கும்.

சூடு காட்டிய தட்டில் காய்ந்த, மங்கலான வெள்ளையில், விளிம்பு சுருங்கிய பாக்டீரியாக் கூட்டங்கள் வந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். குறிப்பேட்டில் அதற்குச் 'சுருக்கன்' என்று பெயர். சூடு காட்டாத தட்டில் வழவழப்பான, வெளிர்மஞ்சள் கூட்டம் ஒன்று தனித்துத் தெரிந்தது. இருட்டில் புற ஊதா டார்ச்சை அதன்மேல் காட்டியதும் சுற்றியிருந்த அகாரே இளம்பச்சையாக ஒளிர்ந்தது. மண்ணில் வாழும் ஒளிரும் சூடோமோனாஸ் வகைகள் இரும்பைப் பிடித்துக்கொண்டு வர வெளியே விடும் பயோவெர்டின் என்ற பொருளின் ஒளி அது. அதற்கு 'ஒளிரி' என்று பெயர் வைத்தேன்.

செல்லின் மேலுறையை வைத்துப் பாக்டீரியாவைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சாயம் ஏற்றாமலே அந்தக் கிராம் வகையைப் பார்க்க எளிதான வழி ஒன்று உண்டு. கண்ணாடித் துண்டில் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு வைத்து, அதில் கூட்டத்தைக் குழைத்து, கம்பி வளையத்தை மெதுவாக மேலே தூக்க வேண்டும். ஒளிரியைத் தூக்கியபோது அரை நிமிடத்துக்குள் பிசுபிசுவென்று நூல் போல இழுத்துக்கொண்டு வந்தது; செல்லின் மேலுறை காரத்தில் கரைந்து டிஎன்ஏ வெளியே கொட்டுவதால் வரும் இழை. அப்படி வந்தால் கிராம் நெகட்டிவ். சுருக்கன் தண்ணீராகவே இருந்தது, நூல் வரவில்லை. அப்படியானால் கிராம் பாசிட்டிவ். இனத்தின் பெயரை இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எந்தப் பெரும் பிரிவு என்று தெரிந்தாலே இந்தச் சோதனைக்குப் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து வரும் பெயர் தெரியாத பாக்டீரியா எதையும் நோய் தரக்கூடியது என்று நினைத்தே கையாள வேண்டும். ஸ்போர் விடும் வகைகளில் இது இன்னும் முக்கியம். தட்டுகளை டேப் ஒட்டி மூடியே வைத்திருந்தேன். வளர்த்தது 30 டிகிரியில்தான், உடல் சூட்டில் அல்ல. வேலை முடிந்ததும் தட்டு, குழாய் எல்லாவற்றையும் 15 பவுண்டு அழுத்தத்தில் 45 நிமிடம் வேகவைத்த பிறகே கொட்டினேன். சமையலுக்குப் பயன்படும் குக்கரை இதற்கு எடுக்கக் கூடாது.

நீலம் ஏன் வந்தது

முதல் சுற்றில் நான் எடுத்த ஊடகம், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் கரைசல், சாதாரண நியூட்ரியன்ட் பிராத். லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 3 கிராம் இறைச்சிச் சாறு. அதில் 5 கிராம் குளுக்கோஸும் நிறங்காட்டியும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகவே குக்கரில் வைத்தேன். தவறு இரண்டும் இங்கேதான்.

பெப்டோன் என்பது உடைந்த புரதம், அமினோ அமிலக் கூட்டம். பாக்டீரியாவுக்கு அதுவும் நல்ல சாப்பாடு. அமினோ அமிலத்திலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டால் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வரும். அது காரம். ஒரு பக்கம் சர்க்கரையிலிருந்து அமிலம், இன்னொரு பக்கம் பெப்டோனிலிருந்து அம்மோனியா. குழாயின் நிறம் காட்டுவது இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதை மட்டுமே. என் குழாய்களில் பெப்டோன் சர்க்கரைக்குச் சமமாக இருந்ததால் அம்மோனியா ஜெயித்துவிட்டது. முதல் நாள் மாலை சுருக்கன் குழாய் இரண்டு லேசான மஞ்சளாக இருந்ததை நான் குறித்து வைத்திருந்தேன். அதற்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

இந்தச் சிக்கலைப் பாக்டீரியா ஆய்வாளர்கள் ருடால்ஃப் ஹியூவும் ஐனார் லீஃப்சனும் 1953-லேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது, பெப்டோனை லிட்டருக்கு 2 கிராமாகக் குறைத்து, சர்க்கரையை 10 கிராமாக ஏற்றியது. அமிலத்தை மூடி மறைக்கும் அளவுக்கு அம்மோனியா வராது. அதோடு 3 கிராம் அகார் சேர்த்தார்கள். கெட்டியாகாமல் கூழ் போல நிற்கும் அளவு அது. திரவத்தில் அமிலம் எங்கே உண்டானாலும் கலந்துபோய்விடும். இந்தக் கூழில் உண்டான இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்கும். மேலே மஞ்சளா, அடியில் மஞ்சளா என்று பார்த்து வாசிக்கலாம். எளிமையான, அருமையான யோசனை.

இரண்டாவது தவறு சர்க்கரையை ஊடகத்தோடு சேர்த்து வேகவைத்தது. சூட்டில் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பாகும், பிஹெச்சும் இறங்கும். பாக்டீரியா விடாத வெறும் குழாயே லேசாக மஞ்சளடித்திருந்ததற்குக் காரணம் அதுதான். பிறகு ஒவ்வொரு சர்க்கரையையும் 10 சதவீதக் கரைசலாகத் தனியே கலந்து, 0.22 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டியில் வடித்து, ஆறிய ஊடகம் 9 மில்லிக்கு 1 மில்லி வீதம் சேர்த்தேன். சுக்ரோஸுக்கு இது கட்டாயம். சூட்டில் அது உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் வந்துவிட்டால், சுக்ரோஸைத் தொடவே தெரியாத பாக்டீரியாவும் தின்றதுபோலத் தெரியும்.

இரண்டாம் சுற்று

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒவ்வொரு சர்க்கரையிலும் இரண்டு குழாய். நேரான ஊசிக் கம்பியால் அடிவரை குத்தி விதைத்தேன். ஒன்றைத் திறந்த நிலையில், பஞ்சு மட்டும் வைத்து விட்டேன். மற்றதன்மேல் கிருமி நீக்கிய பாரஃபின் எண்ணெயை ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றிக் காற்றை அடைத்தேன். சர்க்கரை இல்லாத குழாய், பாக்டீரியா இல்லாத குழாய் என்று ஒப்பீட்டுக்கு இரண்டு ஜோடி. இந்த ஒப்பீட்டுக் குழாய்களைத் தவிர்க்கவே கூடாது. முதல் சுற்றிலும் நான் அவற்றை வைத்திருந்ததால்தான் தவறு எங்கே என்று பிடிக்க முடிந்தது.

குளுக்கோஸில் சுருக்கன் திறந்த குழாயை ஒரே நாளில் முழுக்க மஞ்சளாக்கியது. எண்ணெய் ஊற்றிய குழாயும் மறுநாள் மஞ்சளானது. அதாவது காற்று இல்லாமலும் நொதிக்கத் தெரிகிறது. பேசில்லஸ் வகைகளில் சிலவற்றால் இது நன்றாக முடியும், சிலவற்றால் முடியாது.

ஒளிரியின் திறந்த குழாயில் நடந்தது வேறு. முதல் நாள் மேற்பரப்பில் ஒரு நகக்கண் அளவுக்கு மஞ்சள் பட்டை. அடுத்த நாள் பாதிவரை இறங்கியது, மூன்றாம் நாள் அடியைத் தொட்டது. எண்ணெய்க்குக் கீழே இருந்த குழாய் மட்டும் ஒரு வாரம் ஆகியும் அதே பச்சை. சுக்ரோஸில் சுருக்கன் மஞ்சள். ஒளிரியோ மேலே நீலம், அதாவது அது சர்க்கரையைத் தொடாமல் பெப்டோனை மட்டும் தின்றிருக்கிறது. லாக்டோஸை இரண்டும் தொடவில்லை.

இரண்டு வாசல்

ஒரே குளுக்கோஸ். ஒன்று காற்றில்லாமலும் அமிலம் விடுகிறது, இன்னொன்று காற்றுப் படும் மேற்பரப்பில் மட்டும் விடுகிறது. சர்க்கரை செல்லுக்குள் நுழையும் விதத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும்.

சுருக்கன் போன்ற பேசில்லஸ் வகைகள் குளுக்கோஸை உள்ளே இழுப்பது பாஸ்போடிரான்ஸ்ஃபெரேஸ் அமைப்பு மூலம். 1964-ல் சால் ரோஸ்மனின் ஆய்வகம் இதை ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் கண்டுபிடித்தது. செல்லுக்குள் இருக்கும் பாஸ்போஈனால் பைருவேட் தன் பாஸ்பேட்டை ஒரு புரதத்திடம் கொடுக்கும், அது அடுத்ததிடம், அது இன்னொன்றிடம். இப்படிக் கைமாறி வந்த பாஸ்பேட் கடைசியில் சவ்வைத் தாண்டி உள்ளே வரும் குளுக்கோஸின்மேலேயே ஏறிவிடும். நுழையும்போதே முத்திரை குத்தினது போல. பாஸ்பேட் ஏறிய குளுக்கோஸால் சவ்வு வழியாக நழுவி வெளியே போக முடியாது, அதைச் சிதைக்க வேண்டிய முதல் படியும் வாசலிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் கிளைக்காலிசிஸ் வழியே பைருவேட், அதிலிருந்து அமிலங்கள். காற்று இல்லாவிட்டாலும் இந்த வழி ஓடும்.

சூடோமோனாஸிடம் குளுக்கோஸுக்கு இந்த வாசல் கிடையாது; ஃபிரக்டோஸுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறது. குளுக்கோஸ் முதலில் வெளிச்சவ்வில் இருக்கும் துளைப்புரதம் வழியாக, இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே இருக்கும் பெரிபிளாசம் என்ற இடைவெளிக்கு வரும். அங்கே கொஞ்சம் நேராக உள்ளே கடத்தப்படும். மீதியைக் குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி அந்த இடைவெளியிலேயே ஆக்சிஜனேற்றி, குளுக்கோனிக் அமிலமாக்கிவிடும். அப்போது கழன்று வரும் எலக்ட்ரான்கள், அவற்றைக் கைமாற்றிச் சக்தி எடுக்கும் சுவாசச் சங்கிலிக்கு நேராகப் போகும். சர்க்கரை செல்லுக்குள் கால் வைக்கும் முன்பே அதிலிருந்து சக்தி எடுத்தாயிற்று! எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது. எலக்ட்ரானை முடிவில் வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் எண்ணெய்க்குக் கீழே அமிலமே வரவில்லை.

இந்த நொதிக்குப் பிக்யூக்யூ என்ற துணைப்பொருள் தேவை. ஈ. கோலையிடம் நொதி இருக்கிறது, ஆனால் பிக்யூக்யூ செய்யத் தெரியாது. வெளியிலிருந்து கிடைத்தால் மட்டும் அதன் நொதி வேலை செய்யும்.

உள்ளே போனபிறகும் சூடோமோனாஸ் வேறு பாதையில்தான் போகிறது. கிளைக்காலிசிஸுக்கு அவசியமான பாஸ்போஃபிரக்டோகைனேஸ் நொதி அதனிடம் இல்லை. குளுக்கோஸோ குளுக்கோனேட்டோ (குளுக்கோனிக் அமிலத்தின் உப்பு வடிவம்) எது வந்தாலும் 6-பாஸ்போகுளுக்கோனேட்டாகி, நேதன் என்ட்னரும் மைக்கேல் டௌடொராஃபும் 1952-ல் விளக்கிய பாதையில் உடையும். கிளைக்காலிசிஸில் ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2 ஏடிபி (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு), இதில் 1 மட்டுமே. கணக்கில் நஷ்டம்தான், ஆனால் காற்றுள்ள மண்ணில் சுவாசத்திலிருந்தே நிறையச் சக்தி கிடைக்கும்போது அந்த ஒரு ஏடிபி பெரிதில்லை.

அமிலம் வந்தால் தின்றதாக அர்த்தமா

இங்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒளிரியின் குழாய் மஞ்சளானது, அது குளுக்கோஸை வெளியிலேயே குளுக்கோனிக் அமிலமாக்கியதால் என்றால், மஞ்சள் நிறம் 'தின்றது' என்பதற்குச் சாட்சியே இல்லை. 'மாற்றி வைத்தது' என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அகார் இல்லாமல், 0.5 சதவீத குளுக்கோஸோடு ஒரு குடுவையில் ஒளிரியை வளர்த்து, இடையிடையே குலுக்கி, சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்கும் பட்டையை நனைத்துப் பார்த்தேன். அந்தப் பட்டையில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி. அது குளுக்கோஸை மட்டும் பார்க்கும், குளுக்கோனேட்டைக் கண்டுகொள்ளாது. அதனால் இந்த வேலைக்கு அது கச்சிதம். இரண்டாம் நாள் பட்டை நிறமே மாறவில்லை, குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது. குடுவை மட்டும் இன்னும் மஞ்சள். நான்காம் நாளுக்குப் பிறகு அது பச்சைக்குத் திரும்பியது.

பச்சைக்குத் திரும்பியது பெப்டோனின் அம்மோனியாவாலும் இருக்கலாம். முதல் சுற்றில் சூடு பட்டவன் என்பதால் அதை நம்பி எழுத மனம் வரவில்லை. பெப்டோனே இல்லாமல், அம்மோனியம் சல்ஃபேட்டும் கனிம உப்புகளும் மட்டும் போட்ட கரைசலில் சோடியம் குளுக்கோனேட்டை ஒரே கார்பனாகக் கொடுத்தேன். நிறம் பார்க்கவில்லை, கலங்கல் மட்டும் பார்த்தேன். ஒளிரி ஒரே நாளில் குழாயைப் பால்போலக் கலக்கிவிட்டது. குளுக்கோனேட் சேர்க்காத குழாய் தெளிவாகவே இருந்தது. ஆகவே, தான் மாற்றி வைத்ததை அதனால் பின்னர் எடுத்துத் தின்ன முடியும்.

அந்த அமிலம் மண்ணில் என்ன செய்யும் என்பதையும் கண்ணால் பார்க்கலாம். 1948-ல் பிகோவ்ஸ்கயா வகுத்த அகார் அதற்காகவே இருக்கிறது: 10 கிராம் குளுக்கோஸோடு லிட்டருக்கு 5 கிராம் டிரைகால்சியம் பாஸ்பேட். இந்தப் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது, தட்டு சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒளிரியை ஒரு புள்ளி வைத்தேன். நான்காம் நாள் புள்ளியைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு வளையம். தட்டை எழுத்தின்மேல் வைத்தால் வளையத்துக்குள் இருக்கும் எழுத்து மட்டும் படிக்க முடிந்தது. அமிலம் பாஸ்பேட்டைக் கரைத்துவிட்டது. செடிக்குக் கிடைக்காமல் மண்ணில் கட்டிப்போய்க் கிடக்கும் பாஸ்பரஸ் கரையும் வழிகளில் இதுவும் ஒன்று. சுருக்கனைச் சுற்றி அப்படி எதுவும் வரவில்லை.

சுருக்கனிடம் இருந்த விசேஷம் சுக்ரோஸில் தெரிந்தது. சாதாரண அகாரில் காய்ந்த தோல் போலப் படியும் அதே கூட்டம், 5 சதவீத சுக்ரோஸ் சேர்த்த தட்டில் பளபளவென்று குமிழ் போல எழும்பி நின்றது. வளையத்தால் தொட்டால் சளிபோல இழுத்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை லெவன்சுக்ரேஸ் என்ற நொதியை வெளியே விடும். அது சுக்ரோஸை உடைத்து, ஃபிரக்டோஸ் பாதியைக் கோத்துக் கோத்து லெவன் என்ற நீண்ட சங்கிலியாக்கும். குளுக்கோஸ் பாதி விடுபட்டு உணவாகும். தட்டில் எழுந்த அந்தச் சளி லெவனாகத்தான் இருக்க வேண்டும். கொடுத்த சர்க்கரையில் ஒரு பகுதி செல்லுக்குள் போகாமலேயே வீடு கட்டப் பயன்பட்டிருக்கிறது.

எது முதலில்

கடைசியாகச் செய்த ஜோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேர்கள் மண்ணில் கசிய விடுவது சர்க்கரை மட்டும் அல்ல, சக்சினேட், மேலேட், சிட்ரேட் போன்ற கரிம அமிலங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் எதை முதலில் எடுக்கும்?

பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ 1940-களின் தொடக்கத்தில் இரண்டு சர்க்கரைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது பாக்டீரியா ஒன்றை முடித்து, சற்று நின்று, பிறகு மற்றதைத் தொட்டு, இரண்டு படியாக வளர்வதைக் கண்டு அதற்கு டயாக்சி என்று பெயர் வைத்தார். அதில் குளுக்கோஸ் இருந்தால் முதல் பந்தி அதற்குத்தான். அது இருக்கும்வரை மற்றவற்றுக்கான நொதிகளைச் செல் செய்யாது. பேசில்லஸில் அந்தத் தடையை நடத்துவது சிசிபிஏ என்ற புரதம்.

சூடோமோனாஸில் வரிசை தலைகீழ். சக்சினேட் முதலில், குளுக்கோஸ் பிறகு. இங்கே தடையை நடத்துவது சிஆர்சி என்ற வேறொரு புரதம். இதைப் படித்திருந்தேன், கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. 0.5 சதவீத குளுக்கோஸ் மட்டும் உள்ள குடுவை, அதோடு 0.5 சதவீத சோடியம் சக்சினேட்டும் சேர்ந்த குடுவை, ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் இரண்டும்.

பத்தாம் மணிநேரம் ஒளிரியின் குளுக்கோஸ் குடுவை மஞ்சள், பட்டையில் கடைசிக்கு முந்தைய வெளிர் கட்டம். பக்கத்திலேயே சக்சினேட் சேர்ந்த குடுவை கரும் நீலம். சக்சினேட் உப்பைத் தின்றால் கரைசல் காரமாகும் என்பதால் நீலம் வந்ததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பட்டையை நனைத்தேன்: தொடக்கத்தில் இருந்த அதே அடர்ந்த நிறம். குளுக்கோஸ் ஏறக்குறைய அப்படியே இருந்தது, ஆனால் குடுவை நன்றாகக் கலங்கியிருந்தது. இருபத்துநான்காம் மணிநேரம் நீலம் வெளுத்தது, பட்டையும் வெளுக்கத் தொடங்கியது. மறுநாள் அதுவும் மஞ்சள். சுருக்கனுக்குச் சக்சினேட் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். இரண்டு குடுவைகளும் ஒரே வேகத்தில் மஞ்சளாயின, பட்டையும் சேர்ந்தே வெளுத்தது.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பட்டையைக் குறித்த நேரத்தில் படிக்க வேண்டும், தாமதித்தால் நிறம் ஏறிக்கொண்டே போகும். நான் ஒவ்வொரு முறையும் 30 விநாடியில் படித்தேன். பாக்டீரியா மிதக்கும் திரவத்தை அப்படியே தொடாமல், ஒரு துளியை வடிகட்டிவிட்டுத் தொட்டால் நல்லது. பட்டையின்மேல் அவை தின்பதும் நிற்கும்.

இதுவரை எல்லாமே நான் அளந்து கொடுத்த சாப்பாடு. இப்போது அதே தொட்டி மண்ணைத் தண்ணீரில் வேகவைத்து வடித்த சாற்றையே ஊடகமாக வைத்து, 0.3 சதவீத அகாரும் கொஞ்சம் குளுக்கோஸும் சேர்த்து, சுருக்கனையும் ஒளிரியையும் ஒரே குழாயில் குத்தியிருக்கிறேன். நேற்று மாலை மேலிருந்து அரை விரல் ஆழத்துக்கு மஞ்சள் இறங்கியிருந்தது. அடியில், குத்திய கோட்டை ஒட்டி, இன்னொரு மெல்லிய மஞ்சள் நூல். நடுவில் இன்னும் பச்சை.